காதலருக்கும் உங்களுக்கும் ஒரே புத்தகம் பிடிக்க வேண்டுமா?

திருமணத்துக்கு முன்பு ஆலோசனைக்கு வரும் ஜோடிகளின் வழக்கமான கவலைகள் எனக்குப் பழகிவிட்டன: சம்பளம், மாமியார் வீடு, பழைய காதல். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "அவருக்குப் புத்தகம்னாலே ஆகாது மேடம். எங்களுக்கு வேவ்லெங்த் செட் ஆகுமா?" என்று ஒரு பெண் கேட்பார். "போன்ல அவ படிக்கிற கதையெல்லாம் பார்த்தா பயமா இருக்கு" என்று ஒரு பையன் சொல்வார். (இங்கே வருவது எதுவும் ஒரு தனி ஜோடியின் கதை அல்ல. பலரிடம் கேட்டது கலந்திருக்கிறது.)

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் ஒரே மாதிரிப் புத்தகம் பிடித்தால் சந்தோஷம்தான். சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சேர்ந்து போகலாம், ஒரே பிரதியை வாங்கிக் காசு மிச்சம் பிடிக்கலாம். ஆனால் ரசனை ஒத்துப்போகாத ஒரே காரணத்துக்காக முறிந்த உறவை நான் பார்த்ததில்லை. சண்டைக்குள் புத்தகம் நுழைவது வேறு வழியாக.

பெரும்பாலும் ஏளனம் வழியாக. வாசிப்பிலும் நம்மிடம் மேல், கீழ் உண்டு. சிற்றிதழ் படிப்பவர் மேலே, மாத நாவல் படிப்பவர் கீழே, போனில் தொடர்கதை படிப்பவர் அதற்கும் கீழே. யோசித்துப் பார்த்தால், பெண்கள் அதிகம் விரும்பிப் படிப்பதெல்லாம் எப்படியோ கீழே போய்விடுகிறது. அவர் பங்குச்சந்தைப் புத்தகம் படித்தால் 'அறிவை வளர்க்கிறார்'. அவள் குடும்ப நாவல் படித்தால் 'டைம் வேஸ்ட்'. (அந்தப் பங்குச்சந்தைப் புத்தகத்தால் பணக்காரரான கணவர் யாரும் இதுவரை என்னிடம் வரவில்லை.) எதிர்ப்பக்கமும் நடக்கிறது. நிறையப் படிக்கும் பெண், வாட்ஸப் தவிர எதுவும் படிக்காத காதலரை நண்பர்கள் முன்னால் வைத்து, 'இவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகுது' என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்குப் போனதும் பேச்சு நின்றுவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளைப் பல ஆண்டுகள் கவனித்து ஆராய்ந்தவர். துணையை ஏளனமாகப் பார்ப்பதைத்தான் மணமுறிவுக்கான மிக வலுவான அறிகுறி என்கிறார். அவருடைய இன்னொரு கவனிப்பு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 'இங்கே பாரேன்', 'இதைக் கேளேன்' என்று ஒருவர் மற்றவரைச் சின்னச் சின்னதாக அழைத்துக்கொண்டே இருக்கிறோம் அல்லவா? புதுமணத் தம்பதிகளை ஆறு வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது, சேர்ந்தே இருந்தவர்கள் அத்தகைய அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்தவர்கள் என்று தெரிந்தது. பிரிந்தவர்கள் கொடுத்தது 33 சதவீதத்துக்கு.

படித்துக்கொண்டிருக்கும்போது 'இந்த வரியைக் கேளேன்' என்பதும் அப்படி ஓர் அழைப்புத்தான். அதனால் நான் ஜோடிகளிடம் புத்தகப் பட்டியல் கேட்பதில்லை. 'நீங்கள் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் என்ன செய்வார்?' என்று கேட்பேன். வாழ்நாளில் ஒரு நாவலும் முடிக்காத ஒருவர், இரண்டு நாள் கழித்து 'அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா?' என்று விசாரித்தால் போதும். அலமாரி நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு போனிலிருந்து தலையைத் தூக்காதவரைவிட இவர் எவ்வளவோ மேல்.

சில புகார்கள் புத்தகத்தைப் பற்றியவையே அல்ல. 'எப்பப் பார்த்தாலும் புத்தகமும் கையுமா இருக்கார்' என்பதைக் கொஞ்சம் தோண்டினால் அடியில் சிங்க்கில் கிடக்கும் பாத்திரமும் குழந்தையின் வீட்டுப்பாடமும் வரும். அங்கே பேச வேண்டியது வேலைப் பங்கீட்டை.

இனி அந்தப் பையனின் பயத்துக்கு வருகிறேன். பெண்ணைக் கடத்துகிற, மிரட்டுகிற, அறைகிற நாயகன் கடைசியில் காதலில் உருகும் 'ஆன்ட்டி ஹீரோ' கதைகளுக்கு இணையத்தில் தமிழ் வாசகிகள் ஏராளம். அதைப் படிப்பவள் தனக்கும் அப்படி ஒருவன் வேண்டும் என்று நினைக்கிறாள் என்பது அவசர முடிவு. க்ரைம் நாவல் பிரியர்களெல்லாம் கொலை செய்யக் கிளம்புவதில்லை. கதையில் எல்லாம் நல்லபடி முடியும் என்று அவளுக்குத் தெரியும், வேண்டாமென்றால் மூடி வைக்கலாம். கற்பனையில் பாதுகாப்பு இருக்கிறது. 'அந்த மாதிரி முரட்டுத்தனமும் பாசம்தான்' என்று நிஜ வாழ்க்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும். அவளைத் திட்டுவதற்காக அல்ல, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்காக.

அப்படியானால் ஒருவர் படிப்பது எதுவாக இருந்தாலும் பரவாயில்லையா? அப்படியும் சொல்ல மாட்டேன். 'பெண்களை வழிக்குக் கொண்டுவருவது எப்படி' ரகப் புத்தகமும் வீடியோவுமாக இருக்கும் காதலர், அதிலுள்ள உத்திகளை உங்களிடம் முயன்று பார்க்கிறாரா என்று கவனியுங்கள். வேண்டுமென்றே மூன்று நாள் பேசாமல் இருந்து ஏங்க வைப்பது அப்படி ஓர் உத்தி. சாதிப் பெருமை பேசும் புத்தகத்தை ஒருவர் ஆராயவும் படிக்கலாம், பூரிக்கவும் படிக்கலாம். சாதி மறுப்புத் திருமணத்துக்குத் தயாராகும் ஜோடி அதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். கூச்சம் பார்க்கிற இடமல்ல அது.

எனக்கு நிஜமாகவே கவலை தருவது, ஒருவர் படிப்பதை இன்னொருவர் தடுப்பது. 'கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் எதுக்கு' என்று ஆரம்பிக்கும். செயலியை நீக்கச் சொல்வது, படித்தவற்றின் பட்டியலைச் சோதிப்பது, புத்தகத்தைக் கிழிப்பது என்று வளரும். இதே ஆள் நண்பர்களையும் உடையையும் சம்பளத்தையும் கட்டுப்படுத்துவதைப் பல நேரம் பார்த்திருக்கிறேன். காதலிக்கும் காலத்தில் இதை அக்கறை என்று எடுத்துக்கொள்ளும் பெண்கள் அதிகம்.

அவமதிப்பதும் ஏளனம் செய்வதும் சொல்லாலும் மனதாலும் இழைக்கும் வன்முறை என்று 2005 குடும்ப வன்முறைச் சட்டமே சொல்கிறது. திருமணமானவர்களுக்கு மட்டுமல்ல, திருமணம் போலவே ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் அது பொருந்தும். ஒரு நாள் கிண்டலுக்காக யாரையும் புகார் கொடுக்கச் சொல்லவில்லை. கட்டுப்பாடு தொடர்கிறது, பயமாக இருக்கிறது என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். மாவட்டத்தில் இந்தச் சட்டத்துக்கென்றே இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடமும் போகலாம். மன உளைச்சலுக்கு, ஆண்களும் சேர்த்து, 14416 என்ற 'டெலி மானஸ்' அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.