துரு பிடித்து வைத்த நஞ்சு

வங்கதேசத்துக் கிராமங்களில் சில அடிபம்புகளுக்குப் பச்சை வண்ணம் பூசியிருப்பார்கள், சிலவற்றுக்குச் சிவப்பு. பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் துணி துவைக்க, பாத்திரம் கழுவ மட்டும். சிவப்புப் பம்பின் தண்ணீரில் இருப்பது ஆர்சனிக். நிறமோ மணமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்கிறோமே, அது இதன் ஆக்சைடுதான்.

இந்தப் பம்புகளைப் போட்டதே உயிரைக் காப்பாற்றத்தான். குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்த காலம். 1970களில் அரசும் யுனிசெஃப்பும் நிலத்தடி நீருக்கு மாறச் சொன்னபோது, அது சரியான யோசனையாகத்தான் இருந்தது. கிருமியும் குறைவு, செலவும் குறைவு. அப்புறம் மக்களே சொந்தக் காசில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். ஆர்சனிக்கைச் சோதிக்கும் வழக்கம் அப்போது இல்லை. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முடிச்சு முடிச்சாக ஆவதற்கே பல வருடம் பிடிக்கும். மேற்கு வங்கத்தில் 1983ல் தோல் மருத்துவர் கே.சி. சாஹா இந்த நோயைக் கண்டுபிடித்தார். வங்கதேசக் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது 1993ல்தான் தெரியவந்தது. 1998-99ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் நாடு முழுக்கச் சோதித்தபோது, 150 மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ 10தான்.

இதில் எந்த ஆலையின் கழிவும் இல்லை. இமயமலைப் பாறை தேய்ந்து, கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் மணலாக வந்து படிந்த நிலம் அது. அந்த மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய இரும்புத் துரு படர்ந்திருக்கிறது. ஆர்சனிக்கை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது இந்தத் துருதான். மணலோடு சேர்ந்து இலை தழைகளும் புதைந்தன. அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனைக் காலி செய்கின்றன. அது தீர்ந்ததும், சில வகை நுண்ணுயிர்கள் சுவாசிப்பதற்கு ஆக்சிஜனின் இடத்தில் துருவையே பயன்படுத்துகின்றன. துரு கரைகிறது, பிடித்திருந்த ஆர்சனிக் தண்ணீரில் இறங்குகிறது.

துரு போன மணல் சாம்பல் நிறமாகிவிடும். துரு இருக்கும் மணல் பழுப்பு அல்லது ஆரஞ்சு. ஆகவே குழாய் இறக்கும்போது மேலே வரும் மணலின் நிறத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். ஆழத்தில் உள்ள பழைய படிவுகளில் பெரும்பாலும் ஆபத்து குறைவு. மேலே இருப்பவற்றில் மண் அடுக்கு சில மீட்டருக்குள் மாறிவிடுவதால், ஒரு வீட்டுப் பம்பு சிவப்பாகவும் அடுத்த வீட்டுப் பம்பு பச்சையாகவும் இருக்கும்.

காய்ச்சினால் போகாதா என்றால், போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், மிச்சத்தில் நஞ்சு இன்னும் கூடும். வேலைக்கு ஆவது துருவேதான். வேதியியலாளர் அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டியில் பதப்படுத்திய இரும்புத் துகள்களின் வழியாகத் தண்ணீர் இறங்கும். இரும்பு காற்றுபட்டுத் துருவாகும்; அந்தப் புதுத் துரு ஆர்சனிக்கை மறுபடி பிடித்துக்கொள்ளும். 2007ல் இதற்குப் பத்து லட்சம் டாலர் கிரேஞ்சர் பரிசு கிடைத்தது. நிலத்தடியில் நடந்ததையே தலைகீழாக நடத்தும் வாளி, அவ்வளவுதான்.

வடிகட்டி இல்லாத வீட்டுப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு பச்சைப் பம்பு இருக்கும் வீட்டுக்கு நடக்கிறார்கள். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இருந்தால்.