நாலு மணி விமானத்துக்கு நண்பகலில் புறப்படுவது ஏன்?

அக்காவின் மகன் முதல்முறை கட்டார் போனபோது விமானம் விடியப்புறம் நாலு மணிக்கு. திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வாடகை வான் பிடித்தால் ஐந்தரை, ஆறு மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்கவேண்டும் என்று வைத்தாலும், இரவு ஏழு மணிக்குப் புறப்பட்டால் போதும். அக்கா விடவில்லை. "பகலைக்கே வெளிக்கிடு மகன், பஸ்ஸை நம்பிப் போற ஆள் நீ" என்றாள். பத்திரகாளி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்து, பன்னிரண்டு மணிக்கே அனுப்பிவிட்டாள்.

வீண் பயம் என்று அன்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கா சொன்னதுதான் சரி.

ஒரு பயணத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்பது ஒன்று. அது எவ்வளவு ஏறி இறங்கும் என்பது மற்றது. சந்தைக்குப் போகிறவருக்கு முதல் எண் போதும். அரை மணி பிந்தினால் மீன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். விமானத்துக்குப் போகிறவருக்கு இரண்டாவது எண்ணே எல்லாம். முந்திப் போனால் இழப்பது சில மணித்தியாலத் தூக்கம். பிந்திப் போனால் டிக்கெட்டும் போய், சிலவேளை வேலையும் போய்விடும். இழப்பு இப்படி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும்போது சராசரி நேரத்தை நம்பிப் புறப்படுவது பிழை. நூறு பயணத்தில் மிக மோசமான ஒன்றுக்கும் இடம்விட்டே புறப்படவேண்டும்.

அந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது? முதலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலிருந்து.

20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாகப் 10 நிமிடம் நிற்கவேண்டிவரும் என்று நினைக்கிறோம். பஸ்கள் சரியாக 20 நிமிட இடைவெளியில் வந்தால் அது உண்மை. ஒரு பஸ் 5 நிமிடத்திலும் அடுத்தது 35 நிமிடத்திலும் மாறிமாறி வருகின்றன என்று வையுங்கள். மணிக்கு மூன்று பஸ் என்ற கணக்கு மாறவில்லை. ஆனால் நீங்கள் தரிப்பிடத்துக்கு வரும் நேரம் பெரிய இடைவெளிக்குள் விழவே வாய்ப்பு அதிகம். எட்டுப் பேர் வந்தால் ஏழு பேர் அந்த 35 நிமிடத்துக்குள்தான் வந்து நிற்பார்கள். சராசரிக் காத்திருப்பு 10 அல்ல, 15 நிமிடத்துக்கும் மேல். "நான் வந்தால் மட்டும் பஸ் வராது" என்று அலுத்துக்கொள்கிறவரின் பேச்சில் கணிதம் இருக்கிறது.

பஸ்கள் சோடி சேர்ந்து வருவதற்கும் காரணம் உண்டு. ஒரு பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால், அடுத்த தரிப்பிடத்தில் இன்னும் நாலு பேர் கூடுதலாக நிற்பார்கள். அவர்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்ற நேரம் பிடிக்கும். பஸ் மேலும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆட்கள் குறைவு. அது விரைந்து வந்து முன்னதன் முதுகைத் தொட்டுவிடும். 1964இல் நியூவெல், பொட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார்கள். சாரதிகள் எல்லோரும் ஒழுங்காக ஓடினாலும், சிறு தாமதம் ஒன்று விழுந்தால் போதும், வரிசை தானாகவே குலையும். இதைத் தடுக்க எளிய வழி, இடையிடையே பஸ்ஸை நிறுத்தி நேரம் பார்த்து அனுப்புவது. நம் பஸ் நிலையங்களில் குறிப்புப் புத்தகத்தோடு நிற்கும் டைம் கீப்பரின் வேலை அதுதான். அந்த மனிதரைச் சாரதிகள் திட்டுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பயணிகள் நாம் அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

இரண்டாவது காரணம் மாறி ஏறுவது. இதுதான் பயணத்தைக் கெடுக்கும் இடம். கொழும்புக்குப் போகும் 49ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ஹபரணை, தம்புள்ளை தாண்டிக் குருநாகலில் இறங்கி, நீர்கொழும்பு பஸ் பிடிக்கிறீர்கள். அந்த பஸ் மணிக்கு ஒன்று என்றும், நீங்கள் 10 நிமிடம் முன்னதாக இறங்குவதாக ஏற்பாடு என்றும் வைத்துக்கொள்வோம். 9 நிமிடம் பிந்தினால் இழப்பு எதுவுமில்லை. 11 நிமிடம் பிந்தினால் இழப்பு முழுதாக ஒரு மணித்தியாலம். தவறவிட்டது கடைசி பஸ் என்றால் விடியும் வரை. நேர் வழியில் தாமதம் சாய்வுப் பாதைபோல் மெல்ல ஏறும். மாறி ஏறும் இடத்தில் அது படிக்கட்டு. ஒரு நிமிடம் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடும்.

இந்தப் படிக்கட்டு இல்லாவிட்டால் தாமதங்கள் அவ்வளவு கொடியவை அல்ல. பயணத்தின் மூன்று பகுதிகளின் நியம விலகல்கள், அதாவது சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவுகள், 20, 30, 40 நிமிடம் என்றும், ஒன்றின் தாமதம் மற்றதைப் பாதிக்காது என்றும் வைத்தால், மொத்தம் 90 ஆகாது. ஒன்றில் பிந்துவது இன்னொன்றில் ஈடாகும். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 54 நிமிடம்தான். வான் பிடித்தவர் இரவு ஏழு மணிக்குப் புறப்படத் துணிவதும், பஸ்ஸில் போகிறவர் நண்பகலில் புறப்படுவதும் இதனால்தான். வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இரவு ரெயிலில் போகலாமே என்பீர்கள். எனக்குக் கோச்சிதான் விருப்பம். சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய் என்று இருட்டுக்குள் ஊர்கள் நழுவுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் இது ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரும் புதிருமாக வரும் ரெயில்கள் நிலையத்தில் மட்டுமே ஒன்றையொன்று கடக்கமுடியும். இரு நிலையங்களுக்கு இடையில் ஒரு ரெயில்தான் இருக்கவேண்டும் என்பதற்கு டேப்லட் முறை இருக்கிறது. இரு பக்க நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒரு வட்டத் தகடு வெளியே வந்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை இரண்டு பெட்டிகளும் இன்னொன்றைத் தரா. தகடு கையில் இல்லாமல் சாரதி அந்தப் பகுதிக்குள் நுழையக்கூடாது. 1874இல் இங்கிலாந்தில் தோர்ப் என்ற இடத்தில் இரண்டு ரெயில்கள் நேருக்கு நேர் மோதிய பிறகு, எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் கண்டுபிடித்த ஏற்பாடு இது. நிலைய அதிபர் வளையத்தை நீட்ட, ரெயிலில் இருப்பவர் கையை விட்டு வாங்கும் காட்சி இந்தப் பாதுகாப்பின் கண்கண்ட வடிவம். அதன் விலை என்னவென்றால், எதிரே வரும் ரெயில் பிந்தினால் உங்கள் ரெயிலும் நின்று காத்திருக்கவேண்டும்.

கல்லோயா, ஹபரணைப் பக்கம் யானைகள் வேறு. உருக்குச் சில்லுக்கும் உருக்குத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு குறைவு. அதனால்தான் ரெயிலை இழுக்க இலகு. அதனால்தான் நிறுத்தவும் கடினம். நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: 60 கிலோமீற்றர் வேகத்தில் 200 மீற்றர் என்றால், 40இல் 90 மீற்றருக்குள் நின்றுவிடும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ஒரே மோதலில் ஆறு யானைகள் இறந்தன. அந்தக் காட்டுக்குள் ரெயில் மெதுவாகப் போகட்டும்; பிந்தும் நிமிடங்களை நான் மனதார விட்டுக்கொடுப்பேன்.

ரெயில் நேரே விமான நிலையத்துக்குப் போகாது. கட்டுநாயக்கா வழியாகப் போகும் புத்தளம் பாதை ராகமையில் பிரிகிறது. ஆனால் அந்தப் பிரிவு கொழும்பிலிருந்து வரும் ரெயிலுக்கு ஏற்றபடி அமைந்தது. நம் பக்கமிருந்து வருவது அதில் நேராகத் திரும்பமுடியாது. பெட்டியோடு இறங்கி மாறத்தான் வேண்டும். இல்லையேல் கொழும்புக் கோட்டையில் இறங்கி 187ஆம் இலக்க பஸ். 2013இல் திறந்த 25.8 கிலோமீற்றர் அதிவேகப் பாதையில் சந்தியும் இல்லை, தரிப்பிடமும் இல்லை. தாமதம் முளைக்க இடமே இல்லை. முழுப் பயணத்திலும் நம்பத்தக்க பகுதி அதுதான்.

பெரிய விமான நிலையங்கள் இந்தப் படிக்கட்டை எப்படி உடைத்தன என்று பார்த்தால், விடை வேகத்தில் இல்லை. சென்னை விமான நிலையத்துக்குள்ளேயே 2016இல் மெட்ரோ வந்தது. 1971இல் அமெரிக்காவின் தம்பா விமான நிலையத்தில் சாரதியில்லாச் சிறு ரெயில்கள் ஓடத் தொடங்கின. சிங்கப்பூரின் சாங்கியில் 1990இல் வந்தன. முனையங்களுக்கிடையே அவை போகும் தூரம் அற்பம். ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் சில நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். அங்கேயும் படி இருக்கிறது, உயரம்தான் விரற்கடை அளவு.

நம் ஊரிலும் அப்படி ஒரு படி உடைந்ததைக் கண்டிருக்கிறோம். கிண்ணியாத் துறையில் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைப் பாதைக்குக் காத்து நின்ற காலம் நினைவிருக்கிறதா? 2009இல் 396 மீற்றர் பாலம் வந்தது. கடப்பதற்கான நேரம் குறைந்தது ஒருபுறம். எப்போது கடப்போம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டதுதான் பெரிய விடுதலை.

திருகோணமலைக்குச் சில நிமிடத்துக்கு ஒரு ரெயில் வராது என்பது தெரியும். அதற்கு ஆட்களும் இல்லை. ஆனால் காத்திருக்கும் பஸ் ஒன்று சாத்தியம். இரவு ரெயில் பத்து நிமிடம் பிந்துகிறது என்று தெரிந்தால், கோட்டையில் விமான நிலைய பஸ் அந்தப் பத்து நிமிடம் நிற்கட்டும். உள்ளே இருக்கும் 20 பேருக்கு ஆளுக்குப் பத்து, மொத்தம் 200 நிமிடம் நட்டம். அடுத்த பஸ் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் என்றால், ரெயிலிலிருந்து ஓடிவரும் எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஐம்பது, மொத்தம் 400 நிமிடம் மிச்சம். இதற்குப் புதுத் தண்டவாளம் வேண்டாம். நிலைய அதிபர் டைம் கீப்பருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும்.