அட்வென்ட் காலண்டரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நவம்பர் கடைசி வாரத்தில் சென்னைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தச் சொல் வந்து விழும். "பிள்ளைகள் அட்வென்ட் காலண்டர் செய்து எடுத்துவரவும்." அனுப்பிய டீச்சருக்குத் தெரியும், படித்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. யாராவது ஒரு வீட்டிலிருந்து முருகன் படம் போட்ட தினசரி காலண்டர் பள்ளிக்குப் போனாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பொருளைச் சொல்வது எளிது. ஓர் அட்டை, அதில் 1 முதல் 24 வரை எண் போட்ட குட்டிக் கதவுகள். டிசம்பர் 1-ஆம் தேதி முதல் கதவைத் திறக்கவேண்டும், அப்புறம் தினம் ஒன்று. உள்ளே ஒரு படமோ, மிட்டாயோ, ஒரு வரி எழுதிய சீட்டோ இருக்கும். 24-ஆம் கதவைத் திறந்தால் மறுநாள் கிறிஸ்துமஸ். "இன்னும் எத்தனை நாளு?" என்று உயிரை வாங்கும் பிள்ளையிடம், மூடியிருக்கும் கதவுகளை நீயே எண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டு அம்மா வேலையைப் பார்க்கலாம். பயன்பாடு அவ்வளவுதான். பெயரில்தான் விஷயம் இருக்கிறது.

'அட்வென்ட்' லத்தீனின் 'அட்வென்டஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'அட்' என்றால் நோக்கி, 'வெனிரே' என்றால் வருதல். சர்ச்சுக்குள் வருவதற்கு முன்பே ரோமில் இந்தச் சொல்லுக்குப் பெரிய மரியாதை உண்டு. பேரரசர் ஒரு நகரத்துக்குள் முறைப்படி நுழைவதும், ஊரே திரண்டு போய் எதிர்கொள்வதும் அட்வென்டஸ். நாடு நாடாகச் சுற்றிய பேரரசர் ஹேட்ரியனின் பயணங்களை நினைவுகூர அடித்த நாணயங்களிலும் இந்தச் சொல் இருக்கிறது. மயிலாப்பூரில் சாமி வீதிக்கு வந்தால் யாரும் 'வந்தது' என்று சொல்வதில்லை, 'எழுந்தருளியது' என்பார்கள். ஏறக்குறைய அந்தத் தொனி. ராஜாவுக்கு உரிய அந்தச் சொல்லை எடுத்து, மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தைக்குக் கிறிஸ்தவர்கள் வைத்ததில் கொஞ்சம் குறும்பும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

சர்ச்சின் பார்வையில் இந்த வருகை இரண்டு. பெத்லகேமில் நடந்தது ஒன்று, இனி நடக்கப்போவது இன்னொன்று. சென்னைச் சுவர்களில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் 'இயேசு சீக்கிரம் வருகிறார்' இரண்டாவதைச் சொல்கிறது. செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையின் பெயரில் இருப்பதும் அதுவே.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்பு வாரங்களைக் கத்தோலிக்கர் 'திருவருகைக் காலம்' என்கிறார்கள். சாந்தோமிலோ பெசன்ட் நகரிலோ முதல் வாரத் தமிழ்த் திருப்பலிக்குப் போனால் 'திருவருகைக் காலம் முதல் ஞாயிறு' என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். பழைய ஆட்கள் 'ஆகமன காலம்' என்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக்காரர்களின் பேச்சில் 'அட்வென்ட்' அப்படியே தமிழாகிவிட்டது.

'ஆகமனம்' சமஸ்கிருதம். 'ஆ' என்ற முன்னொட்டு, 'கம்' என்ற வினைவேர். லத்தீனின் 'வெனிரே', சமஸ்கிருதத்தின் 'கம்', ஆங்கிலத்தில் 'இங்கே வா' என்று கூப்பிடும் 'கம்' மூன்றும் ஒரே பழைய இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து பிரிந்தவை என்று மொழியியலார் காட்டுகிறார்கள். ஆகவே அட்வென்டஸுக்கு ஆகமனம் என்று பெயர்த்தவர், தெரிந்தோ தெரியாமலோ, முன்னொட்டுக்கு முன்னொட்டு, வேருக்கு அதே வேர் என்று கச்சிதமாகப் பொருத்திவிட்டார். இருந்தும் அந்தச் சொல் நிலைக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஆகமனம் என்று சொல்லிப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

'வருகை' அப்படியில்லை, 'வா' தெரிந்த பிள்ளைக்கு அதுவும் தெரியும். ஒரே சிக்கல், பள்ளிக்கூடம் அதை வருகைப் பதிவேட்டுக்கு எடுத்துக்கொண்டது. 'வருகை' என்றதும் "உள்ளேன் ஐயா" சொல்லத் தோன்றும். முன்னால் 'திரு' சேர்ந்ததும் அந்தக் குழப்பம் போய்விடுகிறது. காலத்துக்குத் திருவருகைக் காலம் என்பதே சரியான தமிழ், வேறு தேடவேண்டாம்.

காலம் எப்போது தொடங்கும் என்பதில் கடை அட்டைக்கும் சர்ச்சுக்கும் ஒத்துப்போகாது. சர்ச் கணக்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு, அதாவது நவம்பர் 30-ஆம் தேதி வரும் புனித அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் உள்ள ஞாயிறு. எழும்பூர் ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் 'கிர்க்' என்ற சர்ச் அந்தப் புனிதர் பெயரில் உள்ளதுதான். அந்த ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழும். 2023-இல் டிசம்பர் 3-ஆம் தேதி வந்தது. பிள்ளைகள் இரண்டு கதவைத் திறந்து முடித்தபிறகுதான் சர்ச்சில் காலமே பிறந்தது. 2025-இல் நவம்பர் 30. அட்டை அச்சடிப்பவர் ஆண்டுதோறும் கதவுகளைக் கூட்டிக் குறைக்க முடியாது. அதனால் டிசம்பர் 1 என்று வைத்துக்கொண்டார்.

இனி 'காலண்டர்'. லத்தீனில் மாதத்தின் முதல் நாளுக்கு 'கலண்டே' என்று பெயர். அன்றுதான் கடனுக்கு வட்டி கட்டவேண்டும். கடன் கணக்கு எழுதும் புத்தகம் 'கலண்டேரியம்'. அதுவே பிறகு நாட்காட்டி ஆனது. மாதம் பிறந்தால் இ.எம்.ஐ. கட்டுகிற நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை. தமிழில் 'நாட்காட்டி' நல்ல சொல், எழுத்தில் இருக்கிறது. வீட்டில் காலண்டர்தான், அதுவும் சிவகாசியிலிருந்து வருவது. ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்து மாதிரிகளுக்குப் பூஜை போட்டு ஆல்பம் வெளியிட்டுவிடுகிற ஊர் அது. ஆனால் நம் தினசரி காலண்டரில் நாள் முடிந்ததும் தாளைக் கிழித்துப் போடுகிறோம். இதில் நாள் பிறந்ததும் ஒரு கதவைத் திறக்கிறோம். பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம்.

இந்தப் பொருள் பிறந்தது ஜெர்மனியில், லுத்தரன் குடும்பங்களில். 19-ஆம் நூற்றாண்டில் வீட்டுக் கதவில் சாக்பீஸால் 24 கோடு போட்டு, தினம் ஒரு கோட்டைப் பிள்ளை அழிக்கும். சில வீடுகளில் தினம் ஒரு படத்தைச் சுவரில் மாட்டினார்கள். ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய யோகான் ஹின்ரிக் விகர்ன் என்ற போதகரைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று நச்சரிக்க, 1839-இல் ஒரு வண்டிச்சக்கரத்தில் மெழுகுவத்திகளை நட்டு வைத்தார் என்பார்கள். கிழமை நாளுக்குச் சிவப்பில் சின்னது, ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளையில் பெரியது. இன்று சர்ச்சுகளில் நான்கு மெழுகுவத்தியோடு வைக்கும் பச்சை வளையம் அதன் வழிவந்தது. அதை மட்டும் 'மலர்வளையம்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் மலர்வளையம் எங்கே வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். திருவருகை வளையம் என்றால் போதும்.

அச்சிட்ட அட்டைக்குக் காரணம் ஓர் அம்மா. கெர்ஹார்ட் லாங் என்பவர் சிறுவனாக இருந்தபோது, அவர் அம்மா ஓர் அட்டையில் 24 சின்ன பிஸ்கட்டுகளைக் கோத்துக் கொடுத்து, தினம் ஒன்று தின்னச் சொன்னார். பையன் வளர்ந்து மியூனிக்கில் அச்சகத் தொழிலுக்கு வந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதையே அச்சில் கொண்டுவந்தார். முதலில் வெட்டி ஒட்டுகிற படங்கள்தான், திறக்கிற கதவுகள் பிறகு வந்தவை. உலகப்போரில் காகிதத் தட்டுப்பாடு வந்து எல்லாம் நின்றது. போர் முடிந்து 1946-இல் ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் மறுபடி அச்சடித்தார். சாக்லேட் வைத்ததைக் கேட்பரி பிரிட்டனில் 1971-இல் விற்கத் தொடங்கியது. இன்று பலருக்கு அட்வென்ட் காலண்டர் என்றாலே சாக்லேட் பெட்டிதான்.

சாக்பீஸ் கோட்டைப் படித்ததும் தமிழ் படித்தவருக்கு வேறொன்று ஞாபகம் வரவேண்டும். சுவரில் கோடு போட்டு நாள் எண்ணுவது நமக்குச் சங்க காலத்துப் பழக்கம். பொருள் தேடப் போனவன் வருவதற்காகக் காத்திருக்கும் பெண், நாளுக்கொரு கோடாகச் சுவரில் இடுவாள். அகநானூற்றின் 289-ஆம் பாட்டில் 'நாள்முறை இழைத்த திண்சுவர்' என்று வருகிறது. அதே நூலின் 61-ஆம் பாட்டில் அந்தச் சுவருக்கே 'நாளிழை நெடுஞ்சுவர்' என்று பெயர். திருக்குறளில் 1261-ஆம் குறள்:

வாளற்றுப் புற்கென்ற கண்ணும் அவர்சென்ற
நாளொற்றித் தேய்ந்த விரல்.

அவர் போன நாள்களின் குறிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்தே போய்விட்டது, வழியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் ஒளி இழந்துவிட்டது. எண்ணும் திசை மட்டும் மாறுகிறது. அவள் போன நாளை எண்ணுகிறாள், வரும் நாள் அவளுக்குத் தெரியாது. ஜெர்மன் பிள்ளைக்கு வரும் நாள் தெரியும்; அதனால் கோட்டை அழித்துக்கொண்டே வரலாம். ஆனால் இரண்டு இடத்திலும் எண்ணுவது ஒருவர் வருகைக்காக.

அதனால்தான் 'கிறிஸ்துமஸ் கவுண்ட்டவுன்' என்பது எனக்கு ஒட்டவில்லை. அது ஸ்ரீஹரிகோட்டா சமாச்சாரம், பூஜ்யம் வந்ததும் ஏதோ ஒன்று கிளம்பிப் போய்விடும். இங்கே வருகிறார்கள். 'நாளை எண்ணும் அட்டை' என்றும் சொல்லமுடியாது. பேச்சுத் தமிழில் "அவர் நாளை எண்ணிக்கிட்டு இருக்கார்" என்றால் அடுத்து ஆஸ்பத்திரிப் பெயரைச் சொல்வார்கள். 'கிறிஸ்துமஸ் நாட்காட்டி' என்றால் வருஷக் கடைசியில் சபையில் கொடுக்கும் வசனக் காலண்டர் என்று நினைத்துவிடுவார்கள். எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 'திருவருகை நாட்காட்டி'. வீட்டுப் பேச்சில் 'வருகை அட்டை' என்று சுருக்கிக்கொள்ளலாம். 'நாளிழை' என்ற சொல்லின் மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் அதைப் பிள்ளைகள் வாயில் திணிப்பது ஆகமனத்துக்கு நடந்ததையே திரும்பச் செய்வதாகும்.

சென்னையில் இதற்கு இணையான விளையாட்டு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி, கல்லூரி, ஆபீஸ் எல்லாவற்றிலும் டிசம்பரில் ஓடும் 'கிறிஸ்மா, கிறிஸ் சைல்டு'. சீட்டுக் குலுக்கிப் போட்டு யார் பெயர் வருகிறதோ அவர் உங்கள் பிள்ளை. நீங்கள்தான் அம்மா என்று அவருக்குத் தெரியக்கூடாது. தினம் ரகசியமாக ஒரு வேலை கொடுப்பீர்கள்: பாட்டுப் பாடு, வாட்ச்மேன் அண்ணாவுக்கு டீ வாங்கிக் கொடு. கடைசி நாளில் பரிசோடு குட்டு உடையும். வீட்டில் நாலு பேர் இருந்தாலும் இதை நடத்தலாம், தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

இப்போது அபார்ட்மென்ட்களில் 'எல்ஃப் ஆன் த ஷெல்ஃப்' பொம்மையும் எட்டிப் பார்க்கிறது. 2005-இல் அமெரிக்காவில் புத்தகமும் பொம்மையுமாக வந்தது. இரவில் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் போய்ப் பிள்ளை செய்த குறும்பைச் சொல்லிவிட்டு, காலையில் வீட்டில் வேறோர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பெற்றோர்தான் ராத்திரியில் எழுந்து இடம் மாற்றவேண்டும். வேவு பார்க்கும் பொம்மை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குத் தமிழ்ப்பெயர் தேடுவதும் ஆபத்து. எல்ஃபைக் குட்டிச்சாத்தான் என்று பெயர்த்துச் சொன்னால் அன்றிரவு பிள்ளை தூங்காது, குறளி என்றால் பாட்டி தூங்கமாட்டார்.

அட்டை செய்ய நினைப்பவர்களுக்குத் தீப்பெட்டிதான் என் சிபாரிசு. காலியான 24 பெட்டிகளை நாலு வரிசையாக ஒட்டி, மேலே கலர் பேப்பர் சுற்றி, இழுப்பதற்கு ஒரு மணியைக் கோத்து, எண் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. சாக்லேட் வைக்காதீர்கள், சென்னை எறும்பு எந்தத் தேதிக்கும் காத்திருக்காது. சீட்டு எழுதி வையுங்கள். 'மொட்டைமாடியில் நட்சத்திரம் கட்டு', 'அச்சுமுறுக்கு சுடும்போது சர்க்கரை தூவு', 'பெத்தம்மாவுக்குப் போன் போட்டுப் பாடு'. எல்லாமே பிள்ளை கையால் செய்யக்கூடியதாக இருக்கட்டும். மழை பெய்யும் நாளுக்கென்று வீட்டுக்குள் செய்கிற சீட்டுகள் நாலைந்து தனியாக இருந்தால் காலையில் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

14-ஆம் தேதிப் பெட்டியில் 'கேழ்வரகு ஊறப்போடு' என்று எழுதுங்கள். மறுநாள் ஒரு தட்டில் ஈரமண் பரப்பி நெருக்கமாகத் தூவி, முளைக்கும்வரை ஈரத்துணியால் மூடி வைத்தால், 24-ஆம் தேதி, இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடிலுக்கு வேண்டிய புல் பிள்ளையின் விரல் உயரத்துக்கு வந்திருக்கும். சீக்கிரமே போட்டுவிட்டால் ஆடு மாடு பொம்மைகளை வைப்பதற்குள் தலைசாய்ந்துவிடும், கூடவே தண்ணீரைப் பிள்ளை ஊற்றக்கூடாது, தெளிக்கவேண்டும்.