முதன்முறை 'சைக்கோ' பார்த்தவர்களுக்கு: ஒரு மனநல மருத்துவரின் குறிப்புகள்

ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கி 1960-ஆம் ஆண்டில் வெளியான 'சைக்கோ' திரைப்படத்தை இன்றைய இளைஞர்கள் பலரும் மடிக்கணினியிலோ கைப்பேசியிலோ, பெரும்பாலும் இரவு நேரத்தில், தனியாகத்தான் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். அது வெளியான காலத்தில், படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று திரையரங்குகளுக்கு நிபந்தனை விதித்த ஹிட்ச்காக், முடிவை வெளியில் சொல்லிவிட வேண்டாம் என்று பார்வையாளர்களிடமும் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை இந்தக் கட்டுரை மீறுகிறது. ஆகவே இன்னும் பார்க்காதவர்கள் படத்தை முடித்துவிட்டு வந்து படிப்பது நல்லது. பார்த்தவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்தப் படம் தரும் பயத்தைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்; ஆனால் அதன் கடைசிப் பகுதியில் ஒரு மருத்துவர் வந்து தரும் விளக்கத்தை மனநோய் பற்றிய பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பயத்தைப் பற்றி. குளியலறைக் கொலைக்காட்சி ஏறத்தாழ முக்கால் நிமிடமே ஓடுகிறது. அதைப் படமாக்க ஏழு நாள் பிடித்தது. கத்தி உடலில் இறங்குவதை அதில் நாம் பார்ப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். தண்ணீரோடு கலந்து ஓடும் இரத்தம் உண்மையில் சாக்லேட் பாகு. குத்தும் ஓசை முலாம்பழத்தில் கத்தியைப் பாய்ச்சிப் பதிவு செய்யப்பட்டது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் எண்ணியிருந்தார். வயலின்கள் உச்சத்தில் கீச்சிடும் அந்தப் பகுதியை இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் போட்டுக்காட்டிய பிறகே மனத்தை மாற்றிக்கொண்டார். எதிர்பாராத நேரத்தில் எழுகின்ற, கரகரப்பும் உச்சமும் கலந்த ஓசை மனிதரின் அலறலை ஒத்திருப்பதால், இது வெறும் படம் என்று அறிவு எடுத்துச் சொல்வதற்கு முன்பே, ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி உடலை உஷார்படுத்திவிடுகிறது; இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, தோள்கள் தாமாக உயர்கின்றன. கொலையுண்டவராக நடித்த ஜேனட் லீ, படத்தைத் திரையில் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதையே தவிர்த்ததாகப் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். காட்சி உருவான விதம் அனைத்தும் தெரிந்தவருக்கே அந்த நிலை என்றால், படம் பார்த்த கல்லூரி மாணவி இரண்டு மூன்று நாட்கள் குளியலறைக் கதவைத் தாழிடத் தயங்குவதை நோய் என்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை.

சிலருக்கு மட்டும் அது அவ்வளவில் நிற்பதில்லை. 1973-இல் வெளியான வேறொரு புகழ்பெற்ற அமெரிக்கப் பேய்ப்படத்தைப் பார்த்த பின் நோயுற்ற நால்வரைப் பற்றி அந்நாட்டு மனநல மருத்துவர் ஒருவர் 1975-இல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். அத்தகையவர்களிடம் படம் ஒரு தூண்டுதலாக மட்டுமே அமைகிறது என்பதும், ஏற்கெனவே உள்ளே ஆறாமல் கிடந்த துயரமோ மோதலோதான் வெளிப்படுகிறது என்பதும் என் அனுபவமும்கூட. அண்மையில் நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்களும், வன்முறைக்கு ஆளானவர்களும், பீதித் தாக்குதல் வருபவர்களும் இத்தகைய படத்தை நள்ளிரவில் தனியாகப் பார்க்காமல் இருப்பது நல்லது. தூக்கமின்மையும் கொடுங்கனவும் ஓரிரு வாரங்களைத் தாண்டி நீடித்தால், ஒரு படத்துக்குப் போய் இப்படிப் பயப்படுகிறோமே என்று வெட்கப்படாமல் மருத்துவரைப் பார்க்கலாம்.

இந்தப் படத்தில் என் தொழில் சார்ந்து நான் மிக உயர்வாக மதிக்கும் காட்சியில் கொலையும் இல்லை, கீச்சிடும் இசையும் இல்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து 40,000 டாலர் பணத்தை எடுத்துக்கொண்டு தப்பிவந்த மேரியன் (ஜேனட் லீ), நார்மன் பேட்ஸ் நடத்தும் ஆளரவமற்ற விடுதியில் தங்குகிறாள். அலுவலகத்தின் பின்னறையில், பாடம்பண்ணி வைக்கப்பட்ட பறவைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவன் கொடுத்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டபடி அவனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். ஆந்தனி பெர்கின்ஸ் அங்கே கூச்சமும் திக்கலும் நிறைந்த, பார்த்தாலே இரக்கம் வருகின்ற பிள்ளையாக நடிக்கிறார். உங்கள் தாயை எங்காவது ஓர் இடத்தில் சேர்த்துவிடலாமே என்று அவள் மெல்லச் சொன்னதும், அதுவரை நாற்காலியில் சாய்ந்திருந்தவன் முன்னால் குனிகிறான். குரல் தணிகிறது, முகம் இறுகுகிறது. மனநோய் விடுதியின் உள்ளே எப்போதாவது போய்ப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டு, அங்கே கேட்கும் சிரிப்பையும் அழுகையையும், உற்றுப் பார்க்கும் கொடிய கண்களையும் சொல்கிறான். நல்ல மனத்தோடுதான் எல்லாரும் இப்படி யோசனை சொல்கிறார்கள் என்று கசப்போடு குறிப்பிடுகிறான்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை அன்றைய அமெரிக்கப் பார்வையாளர்கள் அறிந்திருப்பார்கள். 1955-இல் அந்நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கு முதல் பயனுள்ள மருந்தான குளோர்புரோமசின் அங்கே விற்பனைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நார்மன் சொல்வதைப் போன்ற அச்சத்தை இன்றும் என் அறையில் கேட்கிறேன். "என்ன வேணும்னாலும் செய்யுங்க, அட்மிஷன் மட்டும் போடாதீங்க டாக்டர்" என்று பெற்றோர் கையெடுத்துக் கும்பிடும்போது அவர்கள் மனத்தில் இருப்பது சினிமாவில் கண்ட இரும்புக் கம்பிகளும் ஷாக் கொடுக்கும் இயந்திரமும்தான். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதையும், மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் தராமல் மின்னதிர்வுச் சிகிச்சை அளிப்பதையும் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. இதைச் சொன்ன பிறகு முகம் தெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன். கொலையாளி பிடிபட்ட பிறகு, மருத்துவர் ஒருவர் அறைக்குள் வந்து சில நிமிடங்களில் அனைத்தையும் அவிழ்த்து வைக்கிறார்: பத்தாண்டுகளுக்கு முன் நார்மன் தாயையும் அவளுடைய காதலனையும் கொன்றான், குற்றவுணர்வு தாளாமல் தாயின் உடலைத் திருடிப் பாதுகாத்தான், தன் மனத்தில் பாதியைத் தாய்க்கே கொடுத்தான், இப்போது முழுவதும் தாயாகிவிட்டான். கதைக்கு இது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த மருத்துவர் நார்மனோடு பேசியது ஒரே ஓர் இரவில், அதுவும் தாயின் குரலில் பேசும் நார்மனோடு மட்டும். அதை வைத்துக்கொண்டு, பல ஆண்டு வரலாற்றை எள்ளளவும் ஐயமின்றி, கொலையுண்டவளின் தங்கையும் காதலனும் உட்பட அறையில் இருந்த அனைவரிடமும் அவர் சொல்லிவிடுகிறார். மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இப்படி நோயாளியின் கதையை ஒப்பித்தால் எந்தப் பேராசிரியரும் அவரை உட்காரச் சொல்லியிருப்பார்.

படத்தின் கதை ராபர்ட் ப்ளாக் 1959-இல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்தது. அந்த நாவலுக்குப் பின்னால் நிற்பவன் விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1957-இல் கைதான எட் கீன் என்ற கொலையாளி. அவனை மருத்துவர்கள் மனச்சிதைவு நோயாளி என்றுதான் கண்டறிந்தார்கள். விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் அவன் இல்லை என்று நீதிமன்றம் அவனை மருத்துவமனைக்கு அனுப்பியது. அவன் விசாரிக்கப்பட்டது 1968-இல். 1984-இல் அவன் இறந்ததும் மனநலக் காப்பகத்தில்தான். உண்மையில் பத்தாண்டுக்கும் மேல் இழுத்த ஒன்று திரையில் ஓர் இரவில் முடிந்தது; அத்தோடு நோயும் மாற்றப்பட்டது.

இந்த மாற்றம்தான் எனக்குத் தொல்லை தருகிறது. நார்மனுக்கு இருப்பதாகப் படம் காட்டுவது இரண்டு ஆளுமைகள் ஒருவருக்குள் மாறிமாறி வரும் நிலை. பல்லாளுமைக் கோளாறு என்று அழைக்கப்பட்டுவந்த அந்நிலையை 1994 முதல் அமெரிக்க மனநோய் வகைப்பாடு அடையாளப் பிளவுக் கோளாறு என்று குறிக்கிறது. அது அரிதாகவே கண்டறியப்படுகிறது. அது வரும் பெரும்பாலோரின் பின்னணியில் சிறுவயதுக் கொடுமைகள் இருக்கின்றன. அவர்கள் கத்தியோடு பிறரைத் துரத்துவதில்லை. மாறாக, அந்த நோயோடு புறநோயாளராக வருபவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தற்கொலைக்கு முயன்றவர்கள். மனச்சிதைவு நோய் இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது: காதில் குரல் கேட்பது, யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை, பேச்சில் தொடர்பறுதல், ஒதுங்கிப்போதல் ஆகியவை அதன் அறிகுறிகள். ஒருவர் இருவராவது அதில் இல்லவே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் வழக்கம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது.

அந்தக் குழப்பம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதற்கு, அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றி, ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை தொடங்கியிருந்த ஓர் இளைஞரின் தாய், மகனை வெளியே உட்காரவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்: "சார், ராத்திரியில இவன் எங்களை ஏதாச்சும் பண்ணிடுவானா? பெரியவன் ஏதோ பழைய இங்கிலீஷ் படம் பார்த்துட்டு, அதுல வர்றவனுக்கும் இதே வியாதிதான்னு சொல்றான். கத்தி, அருவாமனை எல்லாத்தையும் எடுத்துப் பரண்ல போட்டுட்டேன்." காய் நறுக்க அவர் தினமும் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இதை மகன் கவனிக்காமல் இல்லை. "அம்மா என்னைப் பார்த்துப் பயப்படறாங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னவர், அதன் பிறகு வீட்டில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். நோய் முற்றுகிறது என்று குடும்பம் அதற்குப் பொருள் கொண்டது.

அந்தத் தாயின் கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பலான பதில் சொல்லக்கூடாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை அமெரிக்காவில் ஓராண்டு பின்தொடர்ந்த மெக்ஆர்தர் ஆய்வின் முடிவுகள் 1998-இல் வெளியாயின. போதைப் பழக்கம் இல்லாத நோயாளிகள், அதே பகுதியில் வசித்த, போதைப் பழக்கம் இல்லாத மற்றவர்களைவிட அதிக வன்முறையில் ஈடுபடவில்லை என்றே அது கண்டது. மதுவும் போதைப்பொருளும் சேர்ந்தபோது ஆபத்து இரு தரப்பிலும் கூடியது. ஆகவே அவரிடம் நான் கேட்டவை: மகன் இதற்கு முன் யாரையாவது அடித்திருக்கிறாரா, குடிக்கிறாரா, மாத்திரையைத் தானாக நிறுத்துகிறாரா, ஒருவரைத் தாக்கும்படி குரல் கட்டளையிடுவதாகச் சொல்கிறாரா, வீட்டில் குறிப்பிட்ட ஒருவர் தனக்கு விஷம் வைப்பதாக நம்புகிறாரா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. கத்தியையும் அருவாமனையையும் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னேன். அடுத்த முறை வரும்போது அண்ணனையும் அழைத்துவரச் சொன்னேன். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கேனும் உங்கள் வீட்டில் ஆம் என்ற பதில் இருந்தால், அடுத்த தேதி வரை காத்திராமல் மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். உடனே மருத்துவரை எட்ட முடியாதவர்கள் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.