இருபத்தொரு நாள் கடிதமும் பின்மனைத் தண்ணீரும்

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பினாங்கு ஜெலுத்தோங் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர் கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். "அண்ணே, இது சம்மனா? எவ்வளவு கட்டணும்னு பாருங்க." நாலு பக்கம் மலாய், ஒரு வரைபடம், அடியில் முத்திரை. சம்மன் இல்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடக்கும் நிலத்தில் அடுக்குமாடி கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் என்ற முறையில் ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் அறிவிப்பு அது. கடிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதுவரை பழைய மின்கட்டண பில்களோடு ஃபிரிட்ஜ் மேல் கிடந்திருக்கிறது.

அவருக்குக் கவலை, காற்று வராது, கார் நிறுத்த இடம் இருக்காது என்பது. நான் முப்பது ஆண்டு பிளான் வரைந்து பிழைத்தவன். எனக்கு முதலில் தோன்றியது தண்ணீர். இப்போது அந்தப் புதரில் விழும் மழை எங்கே போகிறது? நாளைக்கு எங்கே போகும்?

இதற்கு நாட்டில் விதி இருக்கிறது. வடிகால், நீர்ப்பாசனத் துறை, அதாவது நாம் ஜேபிஎஸ் என்று சொல்லும் துறை, 2000ஆம் ஆண்டில் ஒரு தடித்த கையேட்டை வெளியிட்டது. 'மனுவல் சாலிரான் மெஸ்ரா ஆலாம்', அதாவது இயற்கைக்கு இணக்கமான வடிகால் கையேடு. சுருக்கமாக எம்எஸ்எம்ஏ. 2001 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பதிப்பு 2012இல். பெயர்தான் கையேடு. ஆனால் திட்ட அனுமதி கேட்கும்போதும் சாலை, வடிகால் பிளானுக்கு ஒப்புதல் வாங்கும்போதும் ஊராட்சி மன்றமும் ஜேபிஎஸ்ஸும் இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள் என்பதால், கட்டுகிறவருக்கு அது சட்டம் மாதிரிதான்.

அதற்கு முன்பு, 1975 முதல் கையில் இருந்த முறை வேறு. மழை விழுந்தால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சிமெண்ட் லோங்காங்கில், அதாவது சாக்கடை வாய்க்காலில் விட்டு ஆற்றுக்குத் தள்ளிவிட வேண்டும். ஒரு தாமானுக்கு, அதாவது ஒரு குடியிருப்புப் பகுதிக்கு, அது நல்ல யோசனைதான். எல்லாத் தாமானும் ஒரே நேரத்தில் தள்ளினால்? ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் ஆறு, தண்ணீர்மலைப் பக்கம் பூந்தோட்டத்திலிருந்து ஓர் ஆறு, நம் ஜெலுத்தோங் ஆறு எல்லாம் கடைசியில் சுங்கை பினாங்கில்தான் சேர்கின்றன. அந்த நேரம் பார்த்துக் கடலில் பெருக்கு என்றால் ஆற்று வாயில் தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஜாலான் பி. ரம்லி பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவு முழுக்கவே தெரிந்துகொண்டது.

எம்எஸ்எம்ஏ அந்த யோசனையைத் திருப்பிப் போட்டது. உன் நிலத்தில் விழும் மழையை முதலில் நீ பிடித்து வை, பிறகு மெதுவாக விடு. கட்டுவதற்கு முன்னால் அந்த நிலத்திலிருந்து உச்ச நேரத்தில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வெளியேறியதோ, கட்டிய பிறகும் அதற்கு மேல் போகக் கூடாது. மொத்தக் கையேட்டில் இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கையேட்டுக்குள் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. விழும் மழையில் எத்தனை பங்கு ஓடும் என்ற கணக்கு. பூங்கா, திடல், விவசாய நிலம் என்றால் 0.30 முதல் 0.40. பங்களா 0.65 முதல் 0.70. அடுக்குமாடி 0.80 முதல் 0.85. கடைத்தெரு 0.90 முதல் 0.95. நம் வரிசை வீடுகள்? 0.80 முதல் 0.90. முன்வாசலில் இருந்த ஒரு துண்டுப் புல்லையும் கார் நிறுத்த சிமெண்ட் போட்டு மூடியவர்கள் நாம். அடுத்தவன் கட்டிடத்தைக் குறை சொல்லும் முன் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த எண்களை வைத்து நான் அவருக்கு மேசையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் ஒரு லிட்டர். பின்னால் இருப்பது ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம், சுமார் 4,000 சதுர மீட்டர். 50 மி.மீ. மழை கொட்டினால் 2 லட்சம் லிட்டர். இப்போது புதரிலிருந்து வெளியே ஓடுவது 80,000. அடுக்குமாடியும் சிமெண்ட் தளமும் வந்த பிறகு 1,60,000க்கு மேல். அந்த அட்டவணை உச்ச வேகத்துக்குப் போட்டது, மொத்த அளவுக்கு இல்லை என்று பொறியாளர்கள் முகம் சுளிப்பார்கள். சரி, தோராயம்தான். ஆனாலும் கூடுதலாக வரும் அந்த 80,000 லிட்டரை எங்கே நிறுத்தி வைக்கப்போகிறார்கள் என்று கேட்க இது போதும்.

நிறுத்தி வைக்கும் இடத்துக்குத்தான் ஓஎஸ்டி என்று பெயர். மனைக்குள்ளேயே, பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் ஒரு தேக்கத் தொட்டி. தண்ணீர் பெரிய குழாயில் உள்ளே வரும், சின்னத் துவாரம் வழியாக வெளியே போகும். பெரிய திட்டம் என்றால் திறந்த குளம். மலாயில் கோலாம் தாக்குங்கான் என்று பலகை போட்டு வேலி அடைத்திருப்பார்கள். சிமெண்ட் லோங்காங்குக்குப் பதிலாகப் புல் வாய்க்காலும் போடலாம். நிபோங் தெபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் இதை 2003இலேயே ஜேபிஎஸ்ஸோடு சேர்ந்து செய்து காட்டினார்கள். மேலே புல், அடியில் ஆற்று மணல், அதற்கும் அடியில் துளையுள்ள கூடுகள். மழை புல்லில் இறங்கி, வடிகட்டப்பட்டு, கீழே மெதுவாக ஓடிக் குளத்துக்குப் போகிறது. நம் மாநிலத்திலேயே இருக்கிறது, நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தொட்டி கட்டியதோடு வேலை முடிவதில்லை. என் கணிப்பில் இந்த விதியின் பலவீனமான இடம் இதுதான்: சாவி கொடுக்கும் வரை எல்லாரும் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அடுக்குமாடியில், மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் தொட்டியில் தண்ணீர் நிற்கிறதே, அடைப்பு போல என்று துவாரத்தை உடைத்துப் பெரிதாக்கிவிட்டார்கள். தண்ணீர் நிற்பதுதான் அதன் வேலை! அடுத்த பெருமழையில் கீழ்த் தெருவுக்கு முழங்கால் அளவு போனது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கவனிக்க: இந்தத் தொட்டி பொதுச் சொத்து. நீங்கள் மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணத்தில் அதைத் தூர்வார வேண்டியது ஜேஎம்பி எனும் கூட்டு நிர்வாகக் குழுவின் பொறுப்பு. ஆண்டுக் கூட்டத்தில் லிஃப்ட் பற்றிக் கேட்கும்போது தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. அடுக்குமாடிப் பகுதியில் சாதாரண லோங்காங்கை '10 ஆண்டு மழை'க்கும், மொத்த ஏற்பாட்டை '100 ஆண்டு மழை'க்கும் கணக்கிட வேண்டும் என்பது கையேடு. பத்து ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. எந்த ஆண்டிலும் அது வர பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்த ஆண்டு வந்துவிட்டு அடுத்த ஆண்டும் வரலாம். இந்தக் கணக்கெல்லாம் பெய்து முடிந்த மழையை அளந்து போட்டது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது பௌதிகம். ஆக நேற்றைய 10 ஆண்டு மழை நாளைக்கு இன்னும் அடிக்கடி வரும். தொட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தால் நஷ்டமில்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

எம்எஸ்எம்ஏ புதிதாகக் கட்டுவதையும் இடித்துக் கட்டுவதையும் மட்டும்தான் பிடிக்கும். ஜார்ஜ்டவுனில் நூறு ஆண்டுக் கடைவீடுகளை அது ஒன்றும் செய்யாது. அந்த இடத்துக்குத்தான் பினாங்குத் தீவின் இயற்கை சார்ந்த பருவநிலைத் தகவமைப்புத் திட்டம் வந்தது. உலகத் தகவமைப்பு நிதியத்தின் 1 கோடி அமெரிக்க டாலர், ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யுஎன் ஹாபிடாட் வழியாக, மாநகர் மன்றம், ஜேபிஎஸ், நகர மேம்பாட்டு நிறுவனமான திங்க் சிட்டி சேர்ந்து நடத்துவது. ஜார்ஜ்டவுனும் பாயான் லெப்பாஸும் களம். தெருமரம், சின்னப் பூங்கா, பசுங்கூரை, புல் வாய்க்கால், நீர்த்தேக்கம் என்று போகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் தரும் திட்டம் இல்லை, அதனால் விண்ணப்பப் பாரம் எங்கே என்று தேட வேண்டாம்.

உங்கள் சொந்த வீட்டுக்கு வந்தால், மழைநீர்ச் சேகரிப்பு. மலாயில் ஸ்பாஹ் என்பார்கள். கூரைப் பரப்பு 100 சதுர மீட்டரைத் தாண்டும் பங்களா, இரட்டை வீடுகளுக்குக் கட்டிட உபவிதியில் இது சேர்க்கப்பட்டது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் அரசிதழில் வந்த பிறகுதான் செல்லும், ஆகவே பிளான் போடும் முன் மன்றத்தின் கட்டிடப் பிரிவில் கேட்டுவிடுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் வைக்கலாம். எளிய கணக்கு: 100 சதுர மீட்டர் கூரைக்கு 1,000 லிட்டர் தொட்டி. முதலில் வரும் அழுக்கு நீர், சின்னக் கூரைக்கு 25 முதல் 50 லிட்டர், தனியாக வெளியே போக வேண்டும். பறவை எச்சமெல்லாம் அதில்தான். கழிவறைக்கு, செடிக்கு, கார் கழுவ ஆகும். குடிக்கவோ சமைக்கவோ கூடாது, குழாயும் தனி. மூடியிலும் வழிகுழாயிலும் கொசுவலை கட்டாயம் போடுங்கள். ஏடிஸ் புழு கண்டால் சுகாதாரத் துறை 500 வெள்ளி வரை அபராதம் போடும், மழைநீர் சேமிக்கிறேன் என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

சரி, அந்தக் கடிதம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம், எல்லாரும் சட்டம் 172 என்பது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் யாராவது திட்ட அனுமதி கேட்டால், பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு மன்றம் எழுத்தில் சொல்ல வேண்டும். ஒட்டிய நிலம் மட்டுமல்ல. நடுவில் 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ வாய்க்காலோ இருந்தாலும் பக்கத்து நிலம்தான். முட்டுச்சந்து ஒரே வழியாக இருந்தால் 200 மீட்டர் வரை. அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் காரணத்தோடு ஆட்சேபம் தரலாம். அதிலேயே 'நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும்' என்று எழுதினால்தான் கூப்பிடுவார்கள். பலர் கோட்டைவிடுவது இந்த ஒரு வாக்கியத்தை. ஆட்சேபம் கொடுத்தவர் முடிவு பிடிக்காவிட்டால், அது தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். கொடுக்காதவருக்கு அந்தக் கதவு கிடையாது. கடிதம் நிலச் சொந்தக்காரர் பெயருக்குத்தான் வரும், வாடகைக்கு இருப்பவர்கள் குப்பையில் போடாமல் உரியவரிடம் சேர்ப்பியுங்கள். கோலாலம்பூரில் இருக்கும் சொந்தங்களுக்கு இது பொருந்தாது. அங்கே சட்டம் 267, வேறு கதை.

ஆட்சேபம் என்றால் 'கட்டாதே' என்று எழுத வேண்டியதில்லை. அப்படி எழுதினால் யாரும் மதிப்பதும் இல்லை. நாங்கள் மூன்று கேள்விதான் எழுதினோம். தண்ணீர் எந்த லோங்காங்கில் வந்து சேரும், எங்கள் பின்சந்து லோங்காங் அதைத் தாங்குமா? தேக்கத் தொட்டி எங்கே, எவ்வளவு, பிறகு யார் பொறுப்பு? மண் வெட்டும் காலத்தில் சேறு வெளியே வராமல் என்ன தடுப்பு? போன முறை பக்கத்தில் வேலை நடந்தபோது மண் வந்து லோங்காங் பாதி தூர்ந்த படம் ஒன்று அவர் கைத்தொலைபேசியில் இருந்தது, தேதியோடு. அதையும் அச்செடுத்து இணைத்தோம். மலாயில் எழுதித் தந்தது அவர் மகள்.

பதினெட்டாம் நாள் அவரே போய் முகப்பில் கொடுத்தார். நகல் ஒன்றை நீட்டி முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தவர் அதை ஃபிரிட்ஜ் மேல் வைக்கவில்லை, பிளாஸ்டிக் உறையில் போட்டு நிலப் பட்டாவோடு வைத்திருக்கிறார். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.