குழந்தை பேசவில்லையா? வீட்டில் யார் பேசுகிறார்கள்?

பிரிக்ஃபீல்ட்ஸில், மோனோரெயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில், பேச்சு சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். நான் கோலாலம்பூரிலேயே பிறந்தவள். தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். ஆனால் என்னிடம் வரும் குழந்தைகளில் பலருடைய பெற்றோர் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கணவருக்கு சைபர்ஜெயாவிலோ கேஎல் சென்ட்ரல் பக்கமோ கணினி வேலை. மனைவிக்கு டிபெண்டன்ட் பாஸ், அதாவது கணவரைச் சார்ந்து தங்கும் அனுமதி; தனி அனுமதி பெறாமல் அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. இரண்டு, இரண்டரை வயதில் ஒரு பிள்ளை. உட்கார்ந்ததும் அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இவனுக்கு மொழி குழம்பிவிட்டது, மேடம்."

வீட்டில் தமிழ், தாஸ்கா எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம், எதிர்வீட்டில் சீனம். இத்தனையும் கேட்டால் பிள்ளை என்ன செய்யும் பாவம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சர்வதேசப் பள்ளியில் சேர்க்கும் நினைப்பும் சேர்ந்துகொள்ளும். தமிழை நிறுத்திவிட்டோம், இப்போது ஆங்கிலம் மட்டும்தான் என்பார்கள். பிள்ளைக்காக ஒரு தியாகம் செய்துவிட்ட நிம்மதி அவர்கள் முகத்தில் தெரியும். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

பல மொழி கேட்பதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. இதில் எங்கள் துறையில் இன்று இரண்டு கருத்து கிடையாது. இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தையும் ஒரு மொழி மட்டும் கேட்கும் குழந்தையும் முதல் சொல்லை ஏறக்குறைய ஒரே வயதில்தான் சொல்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலப்பது குழப்பம் அல்ல. கையில் இருக்கும் சொல்லை எடுத்துப் போடுகிற கெட்டிக்காரத்தனம். ஆட்டிசமோ டவுன் சின்ட்ரோமோ உள்ள பிள்ளைகளாலும் இரண்டு மொழி கற்க முடிகிறது. பினாங்கில் ஹொக்கியன் சீனமும் மலாயும் ஆங்கிலமும் ஒரே கடைத்தெருவில் கேட்டு வளரும் பிள்ளைகளைப் பாருங்கள். நானே வீட்டில் தமிழும் வாசலில் மலாயும் பேசி வளர்ந்தவள்தான்.

அப்படியானால் அந்தப் பிள்ளை ஏன் பேசவில்லை? ஒரு ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு தாயிடம், பிள்ளைக்கு இரவு உணவு கொடுக்கும் நேரத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுவாருங்கள் என்று கேட்டிருந்தேன். குடியிருப்பு 22ஆம் மாடியில். பால்கனிக்கு இரும்புக் கம்பி. கணவர் திரும்ப எட்டரை மணி ஆகும். பதிவை இருவருமாக உட்கார்ந்து கேட்டோம். சிட். ஈட். நோ. ஒன் மோர். ஃபினிஷ். இடையில் கரண்டிச் சத்தம், பிள்ளையின் சிணுங்கல், மீண்டும் ஒரு நோ. பத்து நிமிடத்தில் அந்த ஐந்தாறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. பிறகு ஊரிலிருந்து அவருடைய அம்மா அழைக்கிறார். குரல் அப்படியே மாறுகிறது. கத்தரிக்காய் இங்கே என்ன விலை, சித்தி மகள் கல்யாணத்துக்கு என்ன புடவை, சாயங்காலம் தவறாமல் கொட்டும் இடிமழை, துணி காயாத தொல்லை என்று பேச்சு மடை திறந்ததுபோல் வருகிறது. அந்தப் பேச்சு தொடங்கியதும் பிள்ளையின் சிணுங்கல் நின்றுவிட்டது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பதிவு முடியும் வரை அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்தத் தாய் பதிவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இவன் கேட்கிறான் என்று எனக்குத் தெரியவே இல்லை, மேடம்."

அவர் ஆங்கிலம் படித்தவர்தான், பட்டம் பெற்றவர்தான். ஆனால் கொஞ்சுவதற்கும் கதை சொல்வதற்கும் பொய்க்கோபம் காட்டுவதற்கும் அவரிடம் இருக்கும் மொழி தமிழ். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கட்டளை. குழந்தை கட்டளையைக் கேட்டுக் கீழ்ப்படியக் கற்றுக்கொள்ளும். உரையாடக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. ஊரில் இதே பிள்ளைக்குத் திண்ணையில் தாத்தா, வாசலில் கீரைக்காரர், பக்கத்து வீட்டு அக்கா என்று நாளெல்லாம் பேச்சு காதில் விழுந்திருக்கும். இங்கே அத்தனை பேருடைய பேச்சையும் ஒரே பெண் தனியாக ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அவரிடமிருந்து தாய்மொழியையும் பறித்துவிட்டால் வீடு எப்படிப் பேசும்?

இதில் எனக்கும் பங்கு உண்டு. வேலைக்கு வந்த புதிதில், வீட்டில் ஒரே மொழி போதும், ஆங்கிலமே பேசுங்கள் என்று ஒரு தாயிடம் நானே சொன்னேன். மூத்தவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து வந்தபோது, இரவில் தாலாட்டுவதையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஆங்கிலத் தாலாட்டு எதுவும் அவருக்குத் தெரியாதாம். நான் சொன்னது தவறு என்று பின்னால் படித்துத் தெளிந்தபோது அவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் போய்விட்டார்கள். இப்போது எந்தத் தாய் தமிழை நிறுத்திவிட்டேன் என்றாலும் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

சில பிள்ளைகள் பேசத் தொடங்கியிருப்பார்கள், வீட்டுக்குத்தான் தெரிந்திருக்காது. ஒரு சிறுவன் மாலையில் வீட்டுக்கு வந்ததும் "சூசூ, சூசூ" என்பான். அம்மா அவசரமாகக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவன் அலறுவான். சில வாரத்தில் அந்தச் சொல்லையே விட்டுவிட்டான். மலாயில் சூசூ என்றால் பால். தாஸ்காவில் கற்ற சொல்லை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். வீட்டில் அதற்கு வேறு பொருள். தாஸ்கா ஆசிரியையிடம், என் பிள்ளை இங்கே என்னென்ன சொல் கேட்கிறான் என்று ஒரு பட்டியல் எழுதி வாங்குங்கள். மாக்கான் என்றால் சாப்பிடு, ஆயிர் என்றால் தண்ணீர், சாக்கிட் என்றால் வலி. உங்கள் வீட்டுச் சொற்களையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள். மலேசியத் தமிழர் நடத்தும் தாஸ்காவாக இருந்தாலும் கேளுங்கள். நாங்கள் பசியாறு என்போம். உங்கள் பிள்ளைக்கு அது புதுச் சொல்லாக இருக்கலாம்.

சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரு வயதையொட்டி முதல் சொல். இரண்டு வயதில் சுமார் 50 சொற்கள், "அம்மா வா" என்பது போல இரண்டு சொல்லைச் சேர்ப்பது. மூன்று வயதில் அவன் பேசுவதில் பெரும்பகுதி வெளியாளுக்கும் புரிய வேண்டும். தமிழில் 20, மலாயில் 15, ஆங்கிலத்தில் 15 என்றால் அந்தப் பிள்ளையிடம் 50 இருக்கிறது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாத் தாமதத்துக்கும் வீட்டின் அமைதி காரணம் அல்ல. முதலில் காது. பிறந்தபோது செய்த செவிப் பரிசோதனையில் தேறிய பிள்ளைக்கும் பின்னால் சளி பிடித்து நடுச்செவியில் நீர் தேங்கலாம். அப்போது அவனுக்குப் பேச்சு தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் கேட்கும். என்னிடம் வரும் எந்தப் பிள்ளையையும் செவிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் நான் பயிற்சியைத் தொடங்குவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, பேசிய சொற்களை இழந்துவிட்டான் என்றால் ஒரு மாதம்கூடக் காத்திருக்காதீர்கள். எல்ஆர்டி ரயிலில் வரும் "ஸ்டேசென் பெரிகுட்ஞா" (அடுத்த நிலையம்) அறிவிப்பை அச்சுப் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, பசித்தால் அம்மாவைக் கூப்பிடவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறி உண்டா என்று பார்க்க எம்-சாட் என்ற வினாத்தாள் இருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் கேட்டால் நிரப்பத் தருவார்.

அவன் அப்பாவும் ஐந்து வயதில்தான் பேசினார் என்ற சமாதானத்தில் ஓடிப்போன ஆண்டுகளைத் திரும்ப வாங்க முடிவதில்லை. ஊரிலிருந்து வசம்பு அனுப்பித் தேனில் இழைத்து நாக்கில் தடவச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே ஆபத்து.

இனி ஒரு பாட்டியைப் பற்றி. 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே தங்கலாம் என்று ஆன பிறகு, தாத்தா பாட்டிகள் வருவது எளிதாகியிருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி அப்படி வந்தார். பேரனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். அவருக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் யாரும் அவரைத் திருத்தவும் முடியவில்லை. முருங்கைக்கீரை உருவும்போது பேரனை எதிரில் உட்காரவைத்து, இது காம்பு, இது இலை, காம்பைத் தூக்கிப் போடு கண்ணு என்று அவன் கையில் கொடுப்பார். எண்ணெய் தேய்க்கும்போது தலை, காது, தொப்பை என்று பேர் சொல்லிக்கொண்டே தேய்ப்பார். மைனாவைக் காட்டுவார். ஒன்றைச் சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் நாங்கள் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படிக்கிறோம். அவன் "ப்பூ" என்றாலும் அதைப் பதிலாக ஏற்றுக்கொண்டு, ஆமாம் கண்ணு, பூதான் என்று மேலே பேசுவார்.

அவர் திரும்பிப் போகும்போது பிள்ளை காம்பு, இலை, போடு, மைனா உட்படப் பதினைந்து சொற்களுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தான். அதிசயம் என்றார்கள் பெற்றோர். பாட்டி செய்ததை நான் ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினேன். கீரை உருவுவது, குளிப்பாட்டுவது, மின்தூக்கியில் மாடி எண்ணை எண்ணிக்கொண்டு இறங்குவது என்று மூன்றை மட்டும் அம்மா எடுத்துக்கொண்டார். மூன்றாவதை மாலையில் அப்பா செய்கிறார். அவ்வளவு போதும். தனியாகப் பயிற்சி நேரம் என்று ஒதுக்கினால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். எப்படியும் செய்கிற வேலைக்குள் பேச்சைக் கலப்பது சலிப்பதில்லை.

வீடியோ அழைப்பு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பாட்டியோடு பேசுவதைக் கார்ட்டூன் பார்ப்பதோடு நான் சேர்ப்பதில்லை; அந்தப் பக்கம் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். நேரம்தான் சிக்கல். நாம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே இரவு எட்டு மணிக்குச் சாவகாசமாக அழைத்தால் இங்கே பத்தரை. பிள்ளை தூக்கக் கலக்கத்தில் அழும். இங்கே மாலை ஆறு மணிக்கு அழையுங்கள், அங்கே மூன்றரை, தாத்தா மதியத் தூக்கம் முடித்து எழுந்திருப்பார். வணக்கம் சொல், பாட்டுப் பாடிக் காட்டு என்று பிள்ளையைத் தேர்வு எழுதவைக்காதீர்கள். இந்தப் பக்கம் ஒரு வாழைப்பழம், அந்தப் பக்கம் ஒரு வாழைப்பழம். இருவரும் உரித்துச் சாப்பிடட்டும். பேச்சு தானாக வரும்.

வெளியிலும் போங்கள். வேலை அனுமதி இல்லாமல், தோழி இல்லாமல், அடைத்த வீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பேசத் தோன்றாமல் போவது இயல்பு. தூக்கமும் பசியும் குறைந்து, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது உங்கள் உடல்நலப் பிரச்சினை. பிள்ளைக்கு முன் நீங்கள் மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், இந்த நகரத்தில் தமிழ் வீட்டுக்குள் முடங்கிய மொழி அல்ல. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் நடக்கிறது. மின்னல் பண்பலையைச் சமையலறையில் ஓடவிடுங்கள். அது மட்டும் பிள்ளைக்குப் பேச்சு கற்றுக்கொடுக்காது, ஆனால் உங்களைப் பேசவைக்கும். துன் சம்பந்தன் சாலைப் பூக்கடையில் பிள்ளையின் கையாலேயே ஒரு வெள்ளியை (ரிங்கிட்டை) கொடுக்கவிடுங்கள். பத்துமலைக்குப் போனால் 272 படியையும் ஏற வேண்டாம். பத்துப் படி எண்ணி, நிறம் சொல்லி, குரங்கைப் பார்த்து இறங்கினாலே ஒரு வாரத்துக்குப் பேசக் கதை கிடைத்துவிடும்.

சிகிச்சையாளரைத் தேடும்போது அவர் மலேசியாவின் 2016ஆம் ஆண்டு துணை சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி (774ஆம் சட்டம்) பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. தமிழை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னால் இன்னொருவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னிடம் வருவதானால், செவிப் பரிசோதனை முடிவையும், பிள்ளை சொல்லும் சொற்களை எந்த மொழியானாலும் விடாமல் எழுதிய ஒரு தாளையும் கொண்டுவாருங்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்து ஒரு வாரம் எழுதினால் சரியாக இருக்கும். அப்பாவும் வர வேண்டும். வாரநாளில் விடுப்பு கிடைக்காது என்பது தெரியும். அதனால்தான் சனிக்கிழமைக் காலை நேரத்தை அப்பா வரும் குடும்பங்களுக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.