மெத்தை போட்ட பெஞ்சை விடத் திண்ணை ஏன் சுகம்?

செங்கோட்டையில் சாரல் மாதங்களில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க யாருக்கும் மனசு வராது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று தெருவையே நிறைத்துவிடும், நான்கு மணிக்கு வாசலுக்கு வரும் ஆச்சி ராச்சாப்பாட்டுக்குத்தான் உள்ளே போவாள். வீட்டை மாற்றிக் கட்டியபோது பழைய திண்ணை போய்விட்டது. பதிலுக்கு ஒரு இரும்பு பெஞ்சு வாங்கி, மேலே தடிமனான ஸ்பாஞ்சு மெத்தையும் போட்டோம். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டாள். "அந்தத் திண்ணையே சொகமா இருந்துச்சுய்யா" என்றாள். வெறும் சிமெண்டுத் திண்ணை மெத்தையை விட எப்படிச் சுகமாக இருக்கும்?

நிமிர்ந்து உட்காரும்போது மேலுடம்பின் பாரத்தில் பெரும்பங்கை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முட்டுகள் தாங்குகின்றன. உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள், கையில் குத்தும். அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களுக்குள் அழுத்தம் மிகக் குறைவு. யூஜின் லாண்டிஸ் 1930இல் விரல் நகத்தடியில் அளந்தபோது சுமார் 32 மி.மீ. பாதரசம்தான் வந்தது (பிரஷர் பார்க்கும்போது 120, 80 என்கிறோமே, அதே அளவுகோலில்). கெட்டியான பலகையில் உட்கார்ந்தால் அந்த முட்டுகளுக்கு அடியில் இதைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழும், ரத்த ஓட்டம் அங்கே குறையும், கொஞ்ச நேரத்தில் மதமதப்பும் வலியும் வரும், நாமும் அறியாமலே பக்கம் மாறி உட்காருவோம். அந்த நெளிவுதான் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

இப்போது மெத்தைக்கு வருவோம். மெத்தென்ற ஸ்பாஞ்சு முதல் ஐந்து நிமிஷம் அருமையாக இருக்கும். ஆனால் எலும்பு முட்டும் இடத்தில் அது முழுசாக நசுங்கிவிட்டால், அப்புறம் கீழே இருக்கும் இரும்புக் கம்பியில் உட்கார்ந்த மாதிரிதான். திண்ணை கெட்டிதான், ஆனால் அதில் ஆச்சி சம்மணம் போடுவாள், ஒரு காலை நீட்டுவாள், தூணில் சாய்வாள், அடுத்த வீட்டு ஆள் வந்தால் அந்தப் பக்கம் திரும்புவாள். பாரம் ஒரே இடத்தில் நிற்கவே இல்லை. பெஞ்சில் இதெல்லாம் முடியவில்லை, அதுவும் மெத்தையோடு சேர்ந்து உயரம் கூடி, அவள் பாதம் தரையில் படவே இல்லை. கால் தொங்கினால் அதன் பாரம் இருக்கையின் முன்விளிம்பில் விழும், முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாய்களும் நரம்பும் அழுந்தும். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலிலிருந்து ரத்தம் மேலே ஏறும், தொங்கும் காலுக்கு அந்த வேலையும் சரியாக நடக்காது. சாயங்காலம் பாதம் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடை நாற்காலிகள் பெரும்பாலும் 43 முதல் 45 செ.மீ. உயரம். குள்ளமான பெண்களுக்கு அது அதிகம். தரையிலிருந்து உங்கள் முழங்கால் மடிப்பு வரை அளந்து அந்த உயரத்துக்கே வாங்குங்கள். ஆழமும் முக்கியம்: முதுகு சாய்ந்திருக்கும்போது முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போக வேண்டும்.

முதுகு வேறு கதை. 1953இல் கீகன் என்ற அமெரிக்க மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டியது இதுதான்: தொடையும் உடம்பும் செங்கோணத்தில் மடங்கும்போது தொடையின் பின்தசை இழுத்து, இடுப்பு பின்பக்கம் சரிந்து, கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிறது. கோணம் விரிய விரிய வளைவு திரும்புகிறது. அதனால் நேர்ச் செங்குத்துச் சாய்மானத்தை விடக் கொஞ்சம் பின்னால் சாய்ந்ததே நல்லது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சாருகசேர என்று சொல்லும் நீண்ட கைவைத்த சாய்வு நாற்காலியைப் பற்றி முதலில் யோசித்தோம். படுத்த மாதிரி சாய அதற்கு ஈடில்லை. ஆனால் எழுந்திருக்க, உடம்பின் பாரத்தைப் பாதத்துக்கு மேலே கொண்டுவர வேண்டும், தாழ்ந்த, பின்னால் சரிந்த இருக்கையிலிருந்து அதைச் செய்ய முழங்காலுக்குப் பெரும் வேலை. எண்பது வயதில் அது ஆகாது.

வெளியே போடுவதால் வெயிலும் மழையும் உண்டு. இரும்பு தேக்கை விடச் சில நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால்தான் ஒரே வெயிலில் காய்ந்த இரண்டில் இரும்பு சுடுகிறது, மரம் பொறுக்கிறது, சாரலில் அதே இரும்பு ஜில்லென்று உடம்புச் சூட்டை உறிஞ்சுகிறது. பிளாஸ்டிக் சுடாது, ஆனால் வியர்வை போக வழியில்லை, நனைந்த தோல் சீக்கிரம் உரசிப் புண்ணாகும். தவிர வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளை வெட்டிவிடும். கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிற பழைய நாற்காலியில் பெரியவர்களை உட்காரவே விடாதீர்கள், நாற்காலியின் கால் திடீரென்று விரிந்து உடையும்.

கடைசியில் தேக்குச் சட்டத்தில் நைலான் ஒயர் பின்னிய கைப்பிடி நாற்காலி ஒன்று செய்தோம். பிரம்பு எனக்குப் பிடிக்கும், ஆனால் சாரல் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பின்னல் உடம்புக்கு ஏற்ப வளைந்து பாரத்தைப் பரப்புகிறது, கண்ணிகள் வழியாகக் காற்று போகிறது. ஆசாரி ஆச்சியை உட்காரவைத்து அளந்து, நாற்காலியின் கால்களில் ஒன்றரை அங்குலம் அறுத்தார். அகலத்தையும் கூட்டச் சொன்னேன், அவள் ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொள்ள. ஒயர் தொய்ந்தால் முன்சட்டம் தொடையில் அழுத்தும், அதனால் சீசன் தொடங்கும் முன்னால் வைகாசியில் ஒருமுறை இழுத்துக் கட்டிவிடுகிறேன்.